அடுப்படி மேடைக்கு எந்தக் கல்?

வீட்டுக்குள் சமையல் மேடை படும் பாட்டைத் தரைகூடப் படுவதில்லை. விசில் அடங்கிய குக்கரை அதன்மேல்தான் இறக்கிவைக்கிறோம். பக்கத்திலேயே புளியைக் கரைக்கிறோம், எலுமிச்சம்பழம் பிழிகிறோம். மஞ்சள்தூள் சிந்துகிறது, நல்லெண்ணெய் வழிகிறது, குழாயடியில் உப்புத் தண்ணீர் தேங்கிக் காய்கிறது. ஒரு மூலையில் கிரைண்டர் அதிர்ந்துகொண்டிருக்கும். பூண்டு நசுக்குவதும் தேங்காய் தட்டுவதும் அங்கேதான். சுவரின் வண்ணம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிவிடலாம். மேடை பிடிக்கவில்லை என்றால் பாதி அடுப்படியை இடிக்க வேண்டும். இருந்தும் அந்தக் கல்லைப் பெரும்பாலோர் அரை மணி நேரத்தில், நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்துவிடுகிறார்கள். மேடை எத்தனை காலம் உழைக்கும், எதைத் தாங்கும், எதற்குத் தோற்கும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது அதற்குள் இருக்கும் கனிமம். அதை அறிந்துகொள்வது ஒன்றும் கடினமில்லை. ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு மூடி எலுமிச்சையும் போதும்.

கிரானைட் கடைகளில் பலகைகளைச் சாய்த்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். தூசி படிந்து சாம்பல் பூத்த பலகையின் மீது கடைக்காரர் கொஞ்சம் தண்ணீரை வீசி ஊற்றுவார். சட்டென்று கருமை எழும், பொட்டுகள் மின்னும், வாங்க வந்தவர் அங்கேயே தலையாட்டிவிடுவார். சொரசொரப்பான பரப்பில் விழும் ஒளி நாலாபுறமும் சிதறுவதால் கல் வெளிறித் தெரிகிறது. தண்ணீர் அந்த நுண்ணிய பள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்தியதும் சிதறல் குறைந்து கல்லின் சொந்த நிறம் வெளியே வருகிறது. அவ்வளவுதான் நடப்பது. நாம் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பதை. பளபளப்பேற்றிய பக்கத்தில், பலகை படுத்தவாக்கில் இருக்கும்போது, சிறிது தண்ணீரைத் தேங்கவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். பிறகு துணியால் ஒற்றியெடுங்கள். தண்ணீர் நின்ற இடம் மற்ற இடத்தைப் போலவே இருந்தால் கல் நெருக்கமானது. அங்கே ஈரத்திட்டு கறுத்துத் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் போன வழியில் நாளை எண்ணெய் போகும். தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது.

கட்டடங்களுக்கான கிரானைட் தன் எடையில் 0.4 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சக் கூடாது என்பது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பு வகுத்துள்ள வரம்பு. கேட்பதற்கு அற்பமான அளவு. ஆனால் வெளிர்நிறக் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே இறங்கினாலே பரப்பில் ஒரு நாணய அளவுக்குக் கறை தெரியும். மதுரை வட்டாரத்தில் வெட்டியெடுத்து ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கும் கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளைப் பரப்பில் ஆங்காங்கே செந்நிற கார்னெட் மணிகள் பதிந்த அழகான கல்தான், ஆனால் உறிஞ்சும் குணம் உள்ளது. வாங்கினால் சீலர் பூசித்தான் ஆக வேண்டும். சீலர் என்பது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, அவற்றின் சுவரில் தண்ணீர் ஒட்டாதபடி செய்யும் சிலிக்கான் வகைச் சேர்மம். அது நிரந்தரமில்லை, தேய்ந்து போகும். எனவே தண்ணீர்ச் சோதனையை வீட்டிலும் அவ்வப்போது செய்து பார்த்து, திட்டு தெரியத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும்.

கடையில் கிரானைட் என்று அடுக்கியிருப்பவை எல்லாம் ஒரே இனம் அல்ல. நிலவியலாளர் கிரானைட் என்று ஏற்பது, பூமிக்கடியில் பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆறும்போது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் மைக்கா ஆகியவை படிகமாகிப் பின்னிக்கொண்ட வெளிர்நிறப் பாறையை. கடைகளில் கருங்கிரானைட் என்று விற்பனையாவது பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. விழுப்புரம் மாவட்டக் குன்னத்தின் பெயரிலேயே விற்கும் ‘குன்னம் பிளாக்’ டோலரைட். ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும் ‘பிளாக் கேலக்ஸி’ காப்ரோ வகை. அதில் மின்னும் பொன்னிறப் பொட்டுகள் பைராக்ஸீன் என்ற கனிமத்தின் தகடுகள். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் நீலச்சாம்பல் பாறை இன்னொரு இனம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் வைத்த கல்லும் அதே வகை என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அப்பாறைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். இவற்றில் எதை மேடைக்குப் போட்டாலும் உழைக்கும். காரணம், எல்லாவற்றிலும் பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், பைராக்ஸீன் போன்ற சிலிக்கேட் கனிமங்கள்.

கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, சாதாரணக் கத்தியின் எஃகு ஏறத்தாழ 5.5. கத்தியால் இந்தக் கற்களைக் கீற முடியாது. கல்லின் மேல் வெண்டைக்காய் அரிந்தால் மழுங்கப் போவது கத்திதான். பளிங்கிலும் கடப்பாவிலும் இருக்கும் கால்சைட்டின் கடினம் 3. கத்தி மட்டுமல்ல, பாத்திரத்தின் அடியில் ஒட்டிவரும் மணல்கூட அதைக் கீறும், மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதால்.

கீறலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்ச் சமையலறையில் கால்சைட்டின் உண்மையான எதிரி புளி. புளியில் டார்டாரிக் அமிலம் செறிவாக இருக்கிறது, எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். கால்சைட் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் அது கரைந்து கரியமில வாயுவை விடுகிறது. குழம்புக்குக் கரைத்த புளி மேடையில் சிந்தி, நாம் அடுப்பைக் கவனித்துவிட்டு வந்து துடைப்பதற்குள், பளிங்கின் மேற்பரப்பிலிருந்து மயிரிழைக்கும் மெல்லிய ஓர் அடுக்கு கரைந்துவிடும். அசையாத குளத்தில் நிலா தெளிவாகத் தெரிவதும் காற்றடித்தால் கலங்குவதும் எப்படியோ, அப்படித்தான் பளபளப்பும். பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை கல் கண்ணாடியாக நிற்கும். அமிலம் அதைக் கரடாக்கியதும் அந்த இடத்தில் ஒரு மங்கலான வட்டம் விழும். அதை அழுக்கு என்று நினைத்துச் சோப்பும் பவுடரும் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை, கல்தான் குறைந்திருக்கிறது. சுரண்டிப் பாலிஷ் போட்டாலொழிய அந்த வட்டம் போகாது.

வெள்ளைப் பளிங்கு மேடையைப் பத்திரிகைப் படங்களில் பார்த்து ஆசைப்படுபவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: உங்கள் வீட்டில் வாரத்தில் எத்தனை நாள் புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சைச் சாதம்? அந்தப் படங்களில் மேடைமேல் இருப்பது ஒரு பூச்சாடியும் நாலு ஆப்பிளும். நம் சமையலுக்குப் பளிங்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். பூஜையறைக்குப் போடுங்கள், அழகாக இருக்கும்.

கடப்பா கல்லை இதே காரணத்துக்காக முற்றிலும் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில், பழங்கடலின் அடியில் படிந்து இறுகிய சுண்ணச் சேற்றிலிருந்து உருவான நுண்ணிய மணியுள்ள சுண்ணாம்புக்கல் அது. படிவுப் பாறை என்பதால் அடுக்கடுக்காகப் பிளக்கும், பலகையாக்குவது எளிது, விலையும் குறைவு. கிரானைட் பரவுவதற்கு முன்பு ஊரில் பாதி வீடுகளின் மேடையும் அலமாரித் தட்டும் கடப்பாதான். பளபளப்பேற்றாத கடப்பாவில் அமிலத் தடம் வெளிறித் தெரியும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருமை கொஞ்ச நாளைக்குத் திரும்பும், முன்னே சொன்ன அதே ஒளிச்சிதறல் கணக்குதான். மேடைக்குக் கீழே நிற்கும் தாங்குகல்லாகவும், மளிகைச் சாமான் வைக்கும் தட்டாகவும் இன்றும் அதற்கு ஈடில்லை. கரையான் தொடாது, ஈரத்தில் உப்பாது, பிளைவுட்டைப் போலப் பிரிந்து வராது.

எலுமிச்சைச் சோதனை இங்கேதான் உதவும். வாங்கப்போகும் கல்லின் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாலிஷ் பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றைச் சில சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துக் கழுவிச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மங்கல் வட்டம் விழுந்தால் கால்சைட் இருக்கிறது. கறுப்புக் கல்லுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். சாம்பல்நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயமோ எண்ணெயோ ஏற்றி விற்பது இந்த வியாபாரத்தில் நடப்பதுதான். வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன் திரவத்தைத் தொட்டு அழுத்தித் தேய்த்தால் சாயம் துணியில் ஒட்டிவரும். கலப்பில்லாத டோலரைட் என்றால் துணி வெள்ளையாகவே இருக்கும்.

அமிலத்துக்கு அசையாத கல்லைப் போட்டவர்களுக்கு ஒரு கூடுதல் ஆதாயம் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாயடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறதே, அதுவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். பளிங்கின் உடலும் அதே பொருள் என்பதால், பொருக்கைக் கரைக்கப் போடும் எலுமிச்சையோ வினிகரோ பளிங்கையும் சேர்த்தே கரைக்கும். கறுப்பு டோலரைட்டில் பொருக்கு மட்டும் கரையும், கல் அப்படியே இருக்கும். பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் எந்தக் கல்லுக்கும் காட்டாதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சமையலில் வரும் அமிலங்களைவிடப் பன்மடங்கு வலியது. கல்லிலுள்ள இரும்புச்சத்தைக் கிளப்பிவிட்டுத் துருக்கறையாக நிறுத்திவிடும்.

எண்ணெய்க் கறை இறங்கிவிட்டால் மேலே தேய்த்துப் பயனில்லை, உள்ளிருப்பதை வெளியே இழுக்க வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறைமேல் அரை அங்குலம் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிடுங்கள். பசை காயும்போது அதன் நுண்ணிய இடைவெளிகள் கல்லின் துளைகளிலிருந்து எண்ணெயைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரலாம்.

இப்போது விளம்பரங்களில் கொடிகட்டிப் பறப்பது ‘குவார்ட்ஸ்’ என்ற பெயரில் வரும் செயற்கைக் கல். இத்தாலியில் மார்செல்லோ தொன்செல்லி 1963இல் தொடங்கிய பிரெட்டன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலிருந்து வளர்ந்தது இது. குவார்ட்ஸைப் பொடித்து, எடையில் பத்துப் பங்கில் ஒன்பது பங்கு அளவுக்கு அதையும் மீதிக்குப் பாலியெஸ்டர் பிசினும் நிறமியும் சேர்த்துக் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அதிரவைத்து அழுத்தி, சூடேற்றி இறுக வைப்பார்கள். துளைகளே இல்லாததால் எண்ணெய் இறங்காது. சீலர் வேண்டாம். இயற்கைக் கல்லில் அமையாத ஒரே சீரான வெள்ளை கிடைக்கும். புளி அதை ஒன்றும் செய்யாது, குவார்ட்ஸ் அமிலத்துக்கு அசையாது.

அதன் பலவீனம் அந்தப் பிசின். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி அளவில்தான் இருக்கும், அதை இறக்கிவைத்தால் ஒருவேளை தப்பிக்கும். தோசைக்கல் 200 டிகிரியைத் தாண்டும், தாளிக்கும் கரண்டியும் அப்படியே. 150 டிகிரியைத் தாண்டினால் பிசின் கருகி மஞ்சளிக்கத் தொடங்குகிறது. அந்தத் தழும்பைப் போக்க வழியில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரும் பிசினைப் பழுக்க வைக்கும், ஆகவே பின்கட்டிலோ திறந்த பால்கனியிலோ போடக் கூடாது. இயற்கைக் கிரானைட் இந்தச் சூட்டையெல்லாம் சட்டை செய்யாது. அதற்கும் ஒரே இடத்தில் திடீர்ச் சூடு பட்டால் அந்த இடம் மட்டும் விரிந்து சுற்றியுள்ள குளிர்ந்த கல்லோடு மல்லுக்கட்டும். ஏற்கெனவே மெல்லிய வெடிப்பு இருந்தால் அது ஓடிவிடும். பிரிமனை வைக்கும் பழக்கம் எந்தக் கல்லுக்கும் நல்லது.

வெள்ளைக் குவார்ட்ஸ் மேடைக்கு நம் வீடுகளில் இன்னொரு சோதனை மஞ்சள். மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற சேர்மம் தருவது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். எண்ணெயோடு சேர்ந்த மஞ்சள் பிசின்மேல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சோப்புப் போட்டால் சிவக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகிறதல்லவா, அதே வேதிவினைதான். காரத்தன்மை கழுவிப் போனதும் பழைய மஞ்சளுக்கே திரும்பும். ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்தைச் சன்னல் வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். குர்குமின் ஒளியில் சிதைந்து வெளுக்கும் பொருள், மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் உலர்த்துவது அதனால்தான்.

பிசினே சேராமல், களிமண்ணையும் கனிமப் பொடிகளையும் அழுத்தி 1200 டிகிரி அளவில் சுட்டு எடுக்கும் பெரிய பீங்கான் பலகைகளும் வந்துவிட்டன. சூடு, புளி, வெயில் எதற்கும் அஞ்சாதவை. விலை அதிகம், விளிம்பில் இரும்புப் பாத்திரம் இடித்தால் சில்லு தெறிக்கும், வெட்டிப் பொருத்தத் தேர்ந்த கை வேண்டும். உணவகங்களில் பார்க்கும் எவர்சில்வர் மேடையை வீட்டுக்கும் பரிந்துரைப்பேன், யாரும் கேட்பதில்லை என்றாலும். 304 என்ற தரத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் அந்தப் படலம் தானே மீண்டும் வளரும். ஈர உப்பு மட்டும் அதைப் பொத்தலாக்கும், ஊறுகாய் போட்ட நாளில் மேடையைக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

கிரானைட்டிலிருந்து கதிர்வீச்சு வருமாமே என்று கேட்பவர்களுக்கு: வரும், மிகச் சொற்பம். வெளிர்நிறக் கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் துளியளவு உண்டு, அவற்றிலிருந்து ரேடான் வாயு கசியும். சன்னல் திறந்திருக்கும் அடுப்படியில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல. கறுப்பு டோலரைட்டில் இன்னும் குறைவு.

கல்லைவிட அதைப் பொருத்தும் விதத்தில் கெடும் மேடைகள் அதிகம். கல் அழுத்தத்தைத் தாங்குவதில் மன்னன், வளைப்பைத் தாங்குவதில் நோஞ்சான். கிரானைட்டின் வளைவுத் தாங்குதிறன் அழுத்தத் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்கு அளவே. பலகைக்கு அடியில் சிமென்ட் கலவையை அங்கங்கே கவளம் கவளமாக வைத்து மேலே கல்லைப் போட்டால், நடுவில் வெற்றிடம் நிற்கும். அந்த இடத்தில் தேங்காய் உடைத்த அன்று கல் பிளக்கும். வேலை முடிந்ததும் விரல்முட்டியால் மேடை முழுக்கத் தட்டிப் பாருங்கள். ‘டொப் டொப்’ என்று குழிந்த ஓசை கேட்கும் இடத்தில் கலவை இல்லை, அதைச் சரிசெய்யச் சொல்லத் தயங்க வேண்டாம்.

சிங்க்கும் பதிப்பு அடுப்பும் உட்கார வெட்டும் ஓட்டைகளின் மூலைகள் இன்னும் முக்கியம். கல்லில் ஓடும் விசை கூரிய மூலையில் வந்து குவியும். மேஸ்திரி அவசரத்தில் இரண்டு பக்கமும் பிளேடை ஓட்டி, கோடுகள் மூலையில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தால், அந்த அதிகப்படியான கால் அங்குலக் கீறல்தான் வருங்கால வெடிப்பின் தொடக்கம். சிங்க்குக்கு முன்னாலுள்ள குறுகிய பட்டை உடைந்த வீடுகளில் குனிந்து பார்த்தால் வெடிப்பு மூலையிலிருந்தே கிளம்பியிருக்கும். மூலையில் முதலில் ஒரு வட்டத் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை அறுத்தால் மூலை வளைவாக அமையும், விசை பரவிவிடும். இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டும், அவ்வளவே.

உயரத்தையும் வழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. நின்று வேலை செய்யும் பரப்பு முழங்கைக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. முழங்கை உயரம் ஒருவரின் மொத்த உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு. ஐந்தடி உயரமுள்ளவருக்கு முழங்கை சுமார் 38 அங்குலத்தில் வரும், மேடை 32 முதல் 34 அங்குலம் இருக்கலாம். அதன்மேல் கேஸ் அடுப்பு, அடுப்பின்மேல் குழம்புச் சட்டி என்றால் கிளறும் கை தோள்வரை உயரும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நான்கு அங்குலம் தாழ்த்திக் கட்டினால் இந்தத் தொல்லை தீரும். சிங்க்கில் நாம் வேலை செய்வது அதன் அடித்தளத்தில் என்பதால் அந்தப் பகுதி உயர்ந்தே இருக்கலாம். அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவரை நிற்கவைத்து அளந்துவிட்டுக் கொத்தனாரிடம் சொல்லுங்கள். பல வீடுகளில் பணம் கொடுப்பவரின் உயரத்துக்கு மேடை அமைந்து, சமைப்பவர் காலமெல்லாம் தோள்வலியோடு நிற்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் மேடை வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. அதற்கு முன்பு யாரோ ஒருவர் அந்தக் கல்லை அறுக்கிறார். கட்டி முடியாத வீடுகளின் வாசலில் இந்தக் காட்சியை எவரும் பார்த்திருப்போம். பலகையைத் தரையில் போட்டு ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கைமெஷினால் ஓர் இளைஞர் அறுப்பார். வெண்புகை எழுந்து அவருடைய தலைமுடி, இமை, சட்டை எல்லாவற்றையும் மூடும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருப்பார்.

அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் நிறுத்தும். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாத தூசி. பத்து மைக்ரானுக்குக் கீழான துகள்கள், அதிலும் நான்கு மைக்ரான் அளவிலானவை, துணியின் இழைகளுக்கிடையே தாராளமாக நுழைந்து நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அவை குவார்ட்ஸ் துகள்களாக இருந்தால் உடலுக்குக் கரைக்கத் தெரியாது. அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் செல் துகளை விழுங்கும், விழுங்கியதால் சாகும், சாகும்போது துகளையும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் வெளியே விடும். அடுத்த செல் அதே துகளை விழுங்கும். இந்தச் சுழற்சி நிற்பதில்லை. மென்மையான நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முன்னேறக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது, நம் நாட்டில் அது சின்ன விஷயமில்லை.

எந்தக் கல் என்பது இங்கே மறுபடியும் கேள்வியாகிறது. பளிங்கில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. வெளிர்நிறக் கிரானைட்டில் அது கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். டோலரைட், காப்ரோ போன்ற கறுப்புக் கற்களில் தனிக் குவார்ட்ஸ் சொற்பம். செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் 90 விழுக்காடு வரை அதுவே. இஸ்ரேலில் 1997க்கும் 2010க்கும் இடையே, செயற்கைக் கல் அறுத்த 25 தொழிலாளர்கள் நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்கான மதிப்பீட்டுக்கு வந்ததை மொர்தெகாய் கிராமரும் சக மருத்துவர்களும் 2012இல் ‘செஸ்ட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு ஸ்பெயின், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வரிசையாகச் செய்திகள் வந்தன. பழைய சுரங்கத் தொழிலாளர்களுக்கு இருபது முப்பது ஆண்டுகளில் வந்த நோய், முப்பது நாற்பது வயதுக்காரர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வந்தது. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தக் கல்லை அறுக்கவும் பொருத்தவும் விற்கவும் தடைவிதித்துவிட்டது. நம் ஊரில் அது பெருமைக்குரிய புதுப்பொருளாகப் பரவிக்கொண்டிருக்கிறது. பொருத்தி முடித்த பலகை வீட்டாருக்குத் தீங்கு செய்யாது. அறுக்கும்போதுதான் ஆபத்து, அதைச் சுமப்பவர் நாம் பெயர்கூடக் கேட்டறியாத ஒருவர்.

அதனால் என் தேர்வு இதுதான்: நம் சமையலுக்கும் நம் தண்ணீருக்கும், அறுப்பவரின் மூச்சுக்கும் சேர்த்துப் பார்த்தால், சாயமேற்றாத கறுப்பு டோலரைட்டோ காப்ரோவோ முதலிடம். குன்னத்தில் கிடைப்பதைவிட நல்லதை இத்தாலியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. இருட்டான அடுப்படிக்கு வெளிர்நிறம்தான் வேண்டுமென்றால் தண்ணீர்ச் சோதனையில் தேறிய கிரானைட். அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் பீங்கான் பலகை. ஆனால் பீங்கானிலும் குவார்ட்ஸ் உண்டு, எதை அறுத்தாலும் தூசி தூசிதான்.

தூசியை அடக்குவது எளிது. பிளேடின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் துகள்கள் காற்றில் பறக்காமல் சேறாக வழிந்துவிடும். கடைகளில் பாலத்தில் தொங்கும் பெரிய அறுப்பு இயந்திரங்கள் தண்ணீரோடுதான் ஓடுகின்றன. வெண்புகை எழுவதெல்லாம் வீட்டு வாசலில், கைமெஷினில். ஆகவே கல் வாங்கும்போதே மேடையின் அளவை அட்டையில் வெட்டி எடுத்துப் போங்கள். சிங்க், அடுப்பு, குழாய் மூன்றையும் முதலிலேயே வாங்கி, ஓட்டைகளின் அளவையும் குறித்துக் கொடுங்கள். அறுப்பு, துளை, விளிம்பு நோசிங் எல்லாம் கடையிலேயே தண்ணீர்விட்டு முடித்துத் தரும்படி பேசி, அதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுர அடிக் கூலி கொஞ்சம் கூடும். வீட்டில் அரை அங்குலம் அறுத்தெடுக்க வேண்டிவந்தால் ஒருவர் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும், மின்கசிவு காப்பு உள்ள இணைப்பிலிருந்து மெஷினுக்கு மின்சாரம் எடுக்கட்டும், துண்டுக்குப் பதில் என்95 முகக்கவசம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுங்கள். முடிந்ததும் சேற்றைக் காயும் முன்பே வழித்து அள்ளிவிட வேண்டும். காய்ந்த பிறகு துடைப்பத்தால் கூட்டினால் அதே தூசி மறுபடி எழும், இந்த முறை வீட்டிலுள்ள எல்லோருக்கும்.